களம் காலி

மழை வரும் வாடை அடித்ததும் எறும்புப் புற்றில் ஒரே பரபரப்பு. வாசலில் நின்ற கனகி என்ற எறும்பு, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் "என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்டுத்தான் விடுவாள். வயலுக்குப் போனவர்கள் நெல்லோடு வந்துவிட்டார்கள். வேலியோரம் போனவர்கள் புல்லரிசியோடு வந்துவிட்டார்கள். களத்துமேட்டுக்குப் போன சுள்ளியை மட்டும் காணோம்.

"வாசலை அடைத்துவிடலாம் கனகி. தண்ணீர் புகுந்தால் உள்ளே இருப்பதும் போய்விடும்" என்றார்கள் மற்றவர்கள்.

"களத்துச் சரக்கு வராமல் எப்படி அடைப்பது?" என்ற கனகி, கடைசியில் பொறுக்கமாட்டாமல் தானே தேடிப் புறப்பட்டாள்.

சுள்ளி வெகுதூரத்தில் இல்லை. புற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு காய்ந்த இலைக்கடியில் ஒடுங்கிக் கிடந்தாள்.

"எப்போது வந்தாய்?"

"மத்தியானமே வந்துவிட்டேன் அக்கா. களத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள், ஒரு மணிகூட இல்லை. வெறும் வாயோடு வந்தால் நீங்கள் உள்ளே விடமாட்டீர்களே."

கனகிக்குச் சுருக்கென்றது. போன மழைக்கு அப்படி வந்த ஒருத்தியை அவள்தான் திருப்பி அனுப்பினாள். போனவள் அப்புறம் வரவே இல்லை.

தூறல் வலுப்பதற்குள் இருவரும் உள்ளே ஓடி வாசலை மண்ணால் அடைத்தார்கள்.

"களத்திலிருந்து என்ன வந்தது?" என்று கேட்டாள் கிடங்கைப் பார்த்துக்கொள்பவள்.

"களம் காலி. சுள்ளி போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்" என்ற கனகி, நெல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, சுள்ளிக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள்.