பாட்டு எடுக்கும் இடம்

ஊசி இறங்கியது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. சமையலறையில் மனைவி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த நேரத்தில் அவள் மிக்ஸி போடக்கூடாது. நடக்கவும் கூடாது.

ஆலாபனை எழுந்தது. பாடகியின் குரல் அறையை நிறைத்தது. பின்னால் ஓர் இரைச்சலும் இல்லை.

இதற்காகத்தான் மாதக்கணக்கில் நாயாய் அலைந்தான். பிளைவுட்டை அடுக்கி ஒட்டி அவனே அறுத்துச் செய்த ரெக்கார்ட் பிளேயர். மோட்டாரின் நடுக்கம் தட்டுக்கு ஏறாதபடி அதற்குத் தனிப் பலகை. எல்லாவற்றுக்கும் அடியில், சமையல் மேடைக்குப் போட்டு மிஞ்சிய கிரானைட். கிரானைட்டுக்கு அடியில் பாதிக் காற்றடித்த சைக்கிள் டியூப். டியூபுக்கு அடியில் சலித்த மணல். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்பதற்காக முட்டி தேயத் தரையில் கிடந்தான்.

பழைய சாமான் கடையில் கிடைத்த இந்த ஒரு ரெக்கார்டை, ஒரே ஒரு முறை, சுத்தமாக, முழுதாகக் கேட்டுவிட வேண்டும். வேறெதுவும் அவன் கடவுளிடம் கேட்கவில்லை.

ஆலாபனை முடிந்தது. பாடகி பாட்டை எடுத்தாள்.

தொம்.

பாய்ந்துபோய் ஊசியைத் தூக்கினான்.

எப்போதும் இப்படித்தான். சொல்லிவைத்தாற்போல், பாட்டு எடுக்கும் இடத்தில். அதற்கு மேல் அவனுக்குப் பொறுக்காது. ஊசியைத் தூக்குவான். தூக்கிவிட்டு எதையாவது கழற்ற ஆரம்பிப்பான்.

தொடக்கத்தில் தெருவில் போகிற பஸ் கேட்டது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் கேட்டது. டியூபும் மணலும் வந்தபின் எல்லாம் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இந்தத் தொம் மட்டும் முன்னைவிடத் துல்லியமாகக் கேட்டது.

அதுதான் வயிற்றெரிச்சல்.

யார் வேலை என்று அவனுக்குத் தெரியும். மாடி வீட்டுத் தெய்வானையம்மா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர். வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து அவன் தலைக்கு மேலேயே நடப்பார். அதுவும் சரியாக அவன் ரெக்கார்டு போடும் நேரத்தில். நடப்பதற்கு ஒரு நாளில் வேறு நேரமே இல்லை போலிருக்கிறது.

போன வாரம் மேலே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மரியாதையாகத்தான் சொன்னான். மகள் பூங்கொடி கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டாள். சரிங்ண்ணா என்றாள்.

அதன் பிறகும் தொம்.

"மேல சத்தமே இல்லீங்களே" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது. ஊசியை மறுபடி முதலில் இருந்து இறக்கினான். ஆலாபனை ஓடட்டும் என்று விட்டுவிட்டு மாடிப்படி ஏறினான்.

கதவு திறந்தே இருந்தது.

ஜன்னலோரம் வாக்கர் நின்றது. அதன் மேல் துண்டுகளும் தலையணை உறைகளும் காய்ந்துகொண்டிருந்தன. காற்றில் விழாமலிருக்கக் கிளிப் வேறு போட்டிருந்தார்கள்.

தெய்வானையம்மா கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

கீழே ஆலாபனை முடிந்தது. பாட்டு தொடங்கியது.

அவருடைய நல்ல கை எழும்பி மெத்தையில் விழுந்தது.

தொம்.

மாட்டிக்கொண்டீர்களா என்று அவனுக்கு வாய்வரை வந்துவிட்டது.

ஆனால் இலவம்பஞ்சு மெத்தை. அதில் கை விழுந்தால் சத்தம் வராது. சத்தம் அவன் உள்ளங்காலில் ஏறியது. தரைக்குக் கீழே இருந்து. அவன் வீட்டிலிருந்து.

அவருடைய சுண்டுவிரல் மெத்தையைத் தொட்டது. பிறகு மோதிரவிரல். பிறகு நடுவிரல்.

தொம். கை திரும்பியது.

தொம். கை திரும்பியது.

பாடகி தாளம் போடுகிறாள். பாடிப் பதிவு செய்த அன்றைக்கே, தன் தொடையில் தட்டிப் போட்ட தாளம். ரெக்கார்டுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது தட்டுவரை ஒருநாள் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பூங்கொடி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னைக்குத்தானுங்ண்ணா நிறுத்தாம விட்டிருக்கீங்க. டாக்டர் எத்தன சொல்லியும் நடக்க மாட்டேன்னு படுத்துக் கெடந்தாங்க. கீழ நீங்க பாட்டுப் போட்டப்புறந்தான் எந்திரிச்சாங்க. பாட்டு முடியறதுக்குள்ள ஜன்னல் வரைக்கும் போயிரோணும்னு சொல்லீட்டே நடப்பாங்க. நீங்க எடுத்த எடுப்புலயே நிறுத்திப்போடுவீங்க."

கொஞ்சம் நின்று, "இப்ப எந்திரிக்கறதில்லீங்ண்ணா. உங்களுக்குச் சத்தம் வரும்னு சொல்றாங்க" என்றாள்.

குற்றம் சொல்லும் குரலாக இல்லை. வீட்டு நிலவரம் சொல்லும் குரல்தான். அது அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

கீழே பாட்டு போய்க்கொண்டிருந்தது. அவன் இதுவரை கேட்டறியாத வரி. நன்றாக இருந்தது.

அவன் வாக்கரிடம் போனான். கிளிப்புகளைக் கழற்றினான். துண்டுகளையும் உறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

தெய்வானையம்மா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார்.

கை மட்டும் தாளத்தை விடவில்லை.