இதுவும் கொடிதான்

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் கொழுந்தனாரின் கறுப்பு வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டேன். பக்கத்தில் காய்ந்து கிடந்த என் வீட்டுக்காரரின் கட்சித் துண்டுக்கு அது பொறுக்கவில்லை.

"உனக்கு மட்டும் தனி வாளியா? என்னையும் தனியாத்தான் துவைக்கணும்" என்றது.

"நான் சாமி வேட்டிப்பா" என்றது வேட்டி.

"எங்க தலைவர் படத்துக்கும் சூடம் காட்டுறோம். யாராவது குறை சொன்னா காதைப் பொத்திக்குவோம்."

"சரி சாமி. மலைக்குப் போய் வந்ததும் எனக்கு விரதம் முடிஞ்சிடும். உனக்கு?"

"எங்களுக்கு முடியவே முடியாது. உசுரு போனாலும் இதே கரைதான்."

இன்னொரு வாளியிலிருந்து பிள்ளையின் மூத்திரத்துணி களுக்கென்று சிரித்தது. "நானும் அப்படித்தாண்ணே சொன்னேன். போன எலெக்‌ஷன்ல இதே ஐயா தோள்ல கிடந்த துண்டு நான். அவரு உங்க கட்சிக்கு வந்ததும் என்னைக் கிழிச்சுட்டாங்க."

துண்டு வெடவெடவென்று ஆடியது. "நான் கொடிக்குன்னே பிறந்தவன்."

"இதுவும் கொடிதான்" என்றது வேட்டி.

"ஏ பூங்கோதை, பிள்ளை நனைச்சுட்டான். காஞ்ச துணி ஒண்ணு கொண்டா" என்று உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டார். கொடியில் காய்ந்தது அந்தத் துண்டு ஒன்றுதான். என்னைப் பார்க்காத மாதிரி சுருண்டுகொண்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பிள்ளை ஈரத்தில் கிடக்கிறானே என்று அதை உருவிக்கொண்டு உள்ளே போனேன்.