ஐயரின் தூரக்கண்ணாடி

ஐயர் இன்றைக்கு உயிரோடு மலையிறங்கப் போவதில்லை என்று காளை முடிவு கட்டியிருந்தான். சோற்று மூட்டைக்குள் அரிவாள் இருந்தது.

ஐயருக்கு அதெல்லாம் தெரியுமா என்ன? மதுரையில் வாத்தியார் வேலை. லீவு விட்டால் போதும், மலைமேல் நீர்த்தேக்கத்துக்கு ஓடி வந்து, தூரக்கண்ணாடியும் கையுமாகப் பறவை பார்ப்பார். இந்தத் தடவை மூட்டை தூக்கக் காளையும் அவன் தங்கை புருஷன் ஜெயக்கொடியும் சமயநல்லூரிலிருந்து வலிய வந்து சேர்ந்துகொண்டார்கள்.

போன ஆகஸ்டில் வெள்ளைக்காரனை எதிர்த்துத் தந்திக் கம்பியை அறுத்துவிட்டு, காளையின் தம்பி சோணை இந்தக் காட்டில்தான் ஒளிந்திருந்தான். ஊருக்குத் தெரியாமல் அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவன் ஜெயக்கொடி. எந்தப் பாவியோ போலீசுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டான். சோணை ஜெயிலிலேயே செத்தான். முகத்தைக்கூடக் காட்டாமல் எரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து காளைக்குத் தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை.

"அந்த வாரம் இங்கன திரிஞ்சது இந்த ஐயருதான் மச்சான். கண்ணாடியில பாத்துட்டுப் போய்ச் சொல்லியிருக்காரு. யோசிக்காத, சோலிய முடி," என்று ஜெயக்கொடி காதைக் கடித்தான்.

"குருவி தெரியுற கண்ணுக்கு எந்தம்பி தெரியாமலா இருந்திருப்பான்? இரு மாப்ள. அவரு வாயால ஒரு வார்த்தை வரட்டும்."

தண்ணீர் ஓரமாக நின்ற ஐயர் மெல்லத் திரும்பினார். கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே ஜெயக்கொடி நின்ற பக்கம் கையை நீட்டினார். அவனுக்குப் பின்னால் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த பறவையை அவன் பார்க்கவில்லை.

"அதோ ஆள்காட்டி," என்றார் ஐயர் சந்தோஷமாக. "போன வருஷமும் இதே இடத்துலதான் பார்த்தேன்."

ஜெயக்கொடிக்கு ரத்தம் சுண்டிப்போனது. தடாலென்று மண்ணில் விழுந்தான்.

"சாமி, என்னையப் பாத்துட்டீகளா?" என்றவன் காளையின் காலைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், தோலை உரிச்சிருவோம்னாக. உசுருக்குப் பயந்து எடத்தைக் காட்டிட்டேன் மச்சான்."

காளை மூட்டையை அவிழ்த்தான். தங்கச்சி கழுத்துத் தாலி ஒரு நொடி நினைவுக்கு வந்தது. அவிழ்த்த கை அதற்காக நிற்கவில்லை.

ஐயருக்கு உலகமே அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. "சத்தம் போடாதீங்கோப்பா," என்று அதட்டினார், "ஆள்காட்டி பறந்துடும்."

காளை அரிவாளை ஓங்கினான்.

"அது எங்கயும் போகாது சாமி."