மாமன் தோளுக்குப் பின்னால்

சின்னமனூர் கடைத்தெருவில் அந்த ஸ்டுடியோவின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. அடியில் நுழைந்த மதிய வெயில் மாயக்காளின் கால் வரை வந்து நிற்கிறது. கம்ப்யூட்டர் திரையில் அவள் மகனின் காதுகுத்து. வருசக்கணக்கில் பேச்சில்லாமல் இருந்துவிட்டு, சீரோடு வந்து இறங்கிய அண்ணன் விஜயபாண்டியின் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். மாமன் முகமும் மருமகன் முகமும் பாலாடை படர்ந்ததுபோல் கலங்கிக் கிடக்கின்றன.

“லென்ஸ்ல பூசணம் புடிச்சிருச்சுக்கா. மேகமலைக்குக் கொண்டுபோனதுல இருந்தே இப்படித்தான்.” போட்டோகிராபர் வினோத்ராஜ் கையிலிருக்கும் லென்ஸை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறான். மாயக்காள் லென்ஸைப் பார்க்கவில்லை, துடைக்கிற கையைப் பார்க்கிறாள். “அண்ணன் படம் எங்கன்னு கேக்குறாக. நான் என்னன்னு சொல்ல?” ஃபேன் கடகடக்கிறது. “கேமராவும் பழசுக்கா.” “ஆர்டர் பேசும்போது புதுசுன்னியேப்பா.” அவன் துணியை மடித்து மறுபடி துடைக்கிறான்.

“கொஞ்சம் பெருசாக்கு.” முகங்கள் இன்னும் கலங்குகின்றன. “அங்கன இல்ல தம்பி. பின்னாடி.” மவுஸ் தயங்கித் தயங்கி நகர்கிறது. மாமன் தோளுக்குப் பின்னால் கிடாவிருந்தின் முதல் பந்தி, இலை நரம்புகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. ஓரத்து இலையில், இன்றைக்குப் போட்டிருக்கும் இதே பச்சைக் கட்டம் போட்ட சட்டையில், வினோத்ராஜ் நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.

மவுஸை நகர்த்திய கை நின்றுவிடுகிறது.

“கேமராவ யாருகிட்ட குடுத்துட்டுப் பந்தியில உக்காந்த?” மாயக்காள் குரலை உயர்த்தவில்லை. “லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. ஒன் மீசையில ஒட்டுன சோறு வரைக்கும் தெரியுது.”