சத்தம் போன வண்டி

அது முன்பக்கத்து இடது சக்கரமா வலது சக்கரமா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எத்தனையோ சக்கரங்களைக் கழற்றிய கை, எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன. ஆனால் அந்தப் பெண் என் பட்டறை வாசலில் நின்று கேட்டது மட்டும் அப்படியே இருக்கிறது.

"கழட்டின பழைய பேரிங்கையே திரும்ப மாட்டிக் குடுங்கண்ணா."

நான் பொருளை மாற்றி ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறாள் போல. எனக்குச் சுருக்கென்றது.

"அது என்னம்மா, பரம்பரை நகையா, பழசத் திரும்பக் கேக்க? பிரேக் பாக்கத்தான் விட்டீங்க. சக்கரத்தப் புடிச்சு அசைச்சுப் பாத்தா லொடலொடன்னு ஆடுது. மனசு கேக்கல, மாத்திட்டேன். அதுக்கு நீங்க ஒண்ணும் தர வேணாம்."

"சத்தத்துல கை வைக்காதீங்கன்னு சொன்னேனே."

சொல்லித்தான் இருந்தாள். பதினாலு வருஷத்து எஸ்யூவி. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று மக்கர் பண்ணும். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறாள் என்று நினைத்துவிட்டேன்.

"அந்தப் பேரிங் தேஞ்சுபோய்த்தாம்மா தெருவெல்லாம் ஊளையிட்டுக்கிட்டு வருது வண்டி. ஒரு நாள் சக்கரம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் போவீங்க. பரவாயில்லையா?"

கழற்றும்போதே நொறுங்கிப்போன பேரிங்கைக் கழிவு டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விரலெல்லாம் கிரீஸ் அப்பியது, துடைத்துக்கொள்ளவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க மாமனாருக்குக் கண்ணு தெரியாது. மாடியில ஜன்னலோரமா உக்காந்திருப்பாரு. தெருமுனையில இந்தச் சத்தம் கேட்டதும், 'புள்ள வந்துட்டானா'ம்பாரு. வந்துட்டாரு மாமான்னு சொன்னாத்தான் சாப்பாட்டுல கை வைப்பாரு."

"சரி, வீட்டுக்காரர்கிட்ட சொல்லி ஒரு ஹாரன் அடிக்கச் சொல்லுங்க. முடிஞ்சது."

"அவரு போய் நாலு மாசம் ஆச்சுண்ணா."

கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"காலையில வேலைக்குப் போனவரு. அங்கயே நெஞ்சு வலி. மாமா அப்ப ஆஸ்பத்திரியில இருந்தாரு, சொன்னாத் தாங்க மாட்டாருன்னு மறைச்சுட்டோம். இப்ப தினமும் நான்தான் இத ஓட்டிக்கிட்டு வரேன். 'களைச்சுப் போய் வந்திருக்காரு, தூங்கட்டும் மாமா'ன்னு சொல்லிடுவேன். அவரும் ஒரு நாள்கூட, அவன மேல வரச் சொல்லுன்னு கேட்டதில்ல."

பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினேன். "வாங்கம்மா. உங்க வீட்டுக்காரர்தான் பேரிங்க மாத்தச் சொன்னாருன்னு பெரியவர்கிட்ட நானே வந்து சொல்றேன்."

வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. செய்த வேலை சுத்தமாக இருந்ததற்காக நான் வெட்கப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

பெரியவர் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். எங்கள் காலடி கேட்டும், பிள்ளை வந்துவிட்டானா என்று கேட்கவில்லை. நான் பொய்யைத் தொண்டைவரை கொண்டுவந்துவிட்டேன். அதற்குள் அவர் கையை நீட்டி, அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். விரலில் இருந்த கிரீஸைத் தடவிப் பார்த்தார்.

மறு வருஷம் அவர் இறந்துபோனார். அவள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். வண்டி இன்னும் என்னிடம்தான் வருகிறது. அன்றைக்கு நான் சுமந்துகொண்டு போன பொய்க்கு மட்டும் வேலையே இல்லாமல் போயிற்று. பெரியவர் அவள் கையை விடாமல் சொன்னது இதுதான்:

"சத்தத்த சரி பண்ணிட்டியாம்மா? நல்லது. நீயாவது பத்திரமா வீடு வந்து சேரு."