நகக்கீறல்

செண்பகவல்லி தான் கண்டுபிடித்த சிறுகோளின் பழைய தடங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அதே மலையிலிருந்து வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தட்டு ஒன்றில் அது மயிரிழை போன்ற சிறு கோடாகப் பதிந்திருந்தது. அதைச் சுற்றி மையால் வட்டம் போட்டு, "நகர்கிறது" என்று எழுதியிருந்தார் அன்றைய உதவியாளர் ஆரோக்கியசாமி. தட்டை நகத்தால் கீறிவிட்டுப் பொய் சொல்கிறார் என்றுதான் அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

கண்டுபிடிப்பு அறிக்கையில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்து அவர் பெயரை எழுதி அனுப்பினாள். மறுநாள் காலை மலையிறங்கி அவர் வீட்டைத் தேடிப் போனாள். அவருக்குப் பார்வை முழுதாகப் போயிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டு அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எவ்வளவு பெருசும்மா?"

"குறுக்களவு ஒன்பது கிலோமீட்டர் ஐயா."

"நிறம்?"

"அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. தன்னைத்தானே ஆறு மணி நேரத்துல சுத்துது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கு. சூரியனைச் சுத்திவர நாலரை வருஷம் ஆகும்."

அவர் விரல்களை மடக்கி எண்ணினார். "அப்ப நாலு தரம் சுத்தி வந்துடுச்சு."

பிறகு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். லூர்தம்மாள் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"இத்தனை வருஷத்துல நான்தான் கீறினேனான்னு இவ ஒருநாளும் என்கிட்ட கேட்டதில்லம்மா" என்றார். "இவளுக்கு மொதல்லேருந்து சொல்லுங்க."

லூர்தம்மாள் தரையில் உட்கார்ந்தாள்.