வெள்ளிக்கிழமை எடுத்த படம்

கொழும்புத்துறைப் பூரணத்தின் மருமகள் பத்மாசினி, தெற்கே காலி ஊர்ப் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு செடி கொண்டுவந்தாள். இலை நுனியில் குடுவை தொங்கும். உள்ளே விழுந்த ஈ, இலையானைச் செடி தின்றுவிடும்.

"உயிர் தின்னுற சாமான் இந்த வளவிலை வேண்டாம், எறி!" என்றாள் பூரணம்.

"வெள்ளிக்கிழமை மட்டும் பொறுங்கோ மாமி. தம்பி கமரா கொண்டுவாறான். துரைமாரின்ரை படப்போட்டிக்கு ஒரேயொரு படம்!"

அந்த வெள்ளிக் காலை பத்மாசினி வீரிட்ட சத்தத்தில் அயலவர் நாங்கள் வேலிப் பொட்டு ஓட்டைக்கு ஓடினோம்.

"ஐயோ மாமி, செடியை என்ன செய்துபோட்டியள்? கமரா இரவு ரயில் கோச்சியிலை திரும்பிப் போகவேணுமே!"

செடி எங்கள் கண்ணில் படவில்லை; தொலைந்தது என்று முடிவு கட்டினோம். பத்மாசினி மூக்கைச் சிந்தியபடியே, இருந்த கோலத்தில் படமெடுத்து அனுப்பினாள்.

அடுத்த மாதம் கொழும்பில் அதற்கே முதற்பரிசு! துரைமாருக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம். படத்தைப் பார்க்கப் பூரணம் வீட்டுக்குப் போனோம். படத்தில் செடி செழிப்பாக நின்றது. ஒவ்வொரு குடுவையின் வாயும் வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருந்தது.

"இதென்ன பூரணமக்கா?"

"வெள்ளிக்கிழமையிலை எங்கடை வீட்டிலை ஆர் மச்சமாமிசம் தின்னுறது? அதுதான் வாயைக் கட்டினனான், படத்துக்கும் அவிழ்க்க விடேல்லை," என்றாள் பூரணம் நிமிர்ந்து. "சனி விடிய அவிட்டுவிட்டு, இலையானும் பிடிச்சுப் போட்டனான். பட்டினி கிடந்த பிள்ளையெல்லே!"